வெள்ளை பூசிய மூடி

ஹெப்பர்ன், டைன் ஆற்றங்கரை
8 நவம்பர் 1942

கத்பர்ட்,

'அன்புள்ள' என்று தொடங்கிப் பார்த்தேன், கை ஓடவில்லை. ரயில் கிளம்பும்வரை என்னோடு பேசாமல் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று பேப்பர் படித்த மகானுக்கு வெறும் பெயர் போதும். அது முந்தின நாள் பேப்பர் என்றாவது உனக்குத் தெரிந்ததா?

நீ கப்பலுக்குப் போன மறுநாளே நான் யார்டில் சேர்ந்துவிட்டேன். ஆமாம், நீ கூடாது என்று சொன்ன அதே கப்பல் கட்டும் யார்டுதான். பெயிண்டர் வேலை. நீ பயந்தபடி பேன்ட்தான் போடுகிறேன். எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டியதை எல்லாம் புறாவிடம் சொல்லிவிடுகிறார், எனக்குக் கேட்கும்படியாக. நேற்று நான் வேலைக்குக் கிளம்பும்போது அந்தச் சாம்பல் புறாவைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுல இப்ப யாரு ஆம்பளைன்னு உனக்கு எதாவது புரியுதா கண்ணு?" என்று கேட்டார். "அது முட்டை போடுது மாமா, அதுக்கு அந்தக் குழப்பம் இருக்காது" என்றேன். கூண்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டே அறை உள்ள வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருப்பதற்கு எவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது தெரியுமா? இடித்துக்கொண்டே இருக்கிறோம்.

வேலையைப் பற்றி நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். கப்பலின் அடித்தளத்தில் இரட்டைத் தகடுகளுக்கு நடுவே டேங்குகள் இருக்கின்றன. ஆண்களின் தோள் அந்தத் துவாரத்தில் நுழையாது. நாங்கள்தான் விளக்கும் பெயிண்ட் டப்பாவுமாகத் தவழ்ந்து போகிறோம். உள்ளே உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. இறங்குமுன் தலையில் இருக்கும் தொப்பியைத் துவாரத்தின் விளிம்பில் மாட்டிவிட வேண்டும். தொப்பி தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது, மூடாதே என்று அர்த்தம். மூன்று வாரத்தில் பெயிண்ட் பட்டு என் தொப்பி முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன்.

வின்னி


கப்பல் கெய்ர்ன்மோர்
6 டிசம்பர் 1942

வின்னி,

காலுறை வந்தது. ஒன்றைவிட ஒன்று நீளம். ஆனால் சூடாக இருக்கிறது, நன்றி.

முதலில் ஒன்று. எங்கள் கடிதங்களை எல்லாம் ஓர் ஆபீசர் படித்த பிறகுதான் உறையை ஒட்டுவார்கள். எங்களுக்கு வாய்த்தவர் மிஸ்டர் லவல். இருபத்து நான்கு வயது இருக்கும், கண்ணாடி போட்டிருப்பார். ஆகவே நான் உனக்குச் சொல்வதை எல்லாம் அவரும் கேட்கிறார். வணக்கம் சார். என் பெண்டாட்டியைப் பற்றி இனி உங்களிடமும் எதையும் மறைக்க முடியாது.

எங்கே இருக்கிறோம் என்று சொல்லக்கூடாது. சொன்னாலும் நீ வர ஆசைப்படமாட்டாய். துறைமுகம் என்று பேர், மூன்று பக்கம் பனிமலை. சூரியன் வருவதே இல்லை. கரையில் இறங்கிப் போவதற்கு ஒரு கடை இல்லை, தெரு இல்லை. பாய்லர் அறையிலிருந்து ஏறினால் இருட்டு, இறங்கினால் வெக்கை. கப்பலில் இருநூறு பேர், அதில் நூற்று ஐம்பது பேருக்கு இருமல்.

நீ டேங்குக்குள் தவழ்வதைப் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. என் பெண்டாட்டி எலிப் பொந்தில் வேலை செய்கிறாள் என்று நான் யாரிடம் சொல்வேன்? வீட்டுக்கு ஒருவன் இரும்புக்குள் அடைந்து கிடந்தால் போதாதா? இன்னும் நாளாகிவிடவில்லை, அந்த வேலையை விட்டுவிடு. நான் கெஞ்சவில்லை, சொல்கிறேன்.

இங்கே அட்மிரல் வரப்போகிறார் என்று கப்பலே தலைகீழாக இருக்கிறது. பாய்லர் அறையில் எங்களை மேய்க்கும் தலைமை ஸ்டோக்கர் டல்லக் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் எங்களை நிற்க விடுவதில்லை. "டேய், அந்த ஆளு வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டுத் தடவித் தடவிப் பாப்பாரு. கையுறையில கரி ஒட்டுச்சுன்னா, அன்னைக்கு உங்க தோல்தான் எனக்குக் கையுறை!" என்கிறார். மூன்று பூச்சு வெள்ளை. குழாய், கைப்பிடி, கதவு எதையும் விடவில்லை. பாய்லர் அறையின் கூரையில் ஓர் அவசர மூடி இருக்கிறது, ஏணிப் பக்கம் அடைத்துக்கொண்டால் வெளியே தப்ப. அதற்கு நான்தான் பூசினேன். கல்யாணக் கேக் மாதிரி பளபளக்கிறது. டல்லக்கே மெச்சி, பின்கோடியில் உள்ள சுக்கான் அறையின் மூடியையும் என்னையே பூசச் சொன்னார். பார்த்தாயா, பெயிண்ட் அடிக்க எனக்கும் தெரியும்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல். புறாவையும்.

கத்பர்ட்


ஹெப்பர்ன்
3 ஜனவரி 1943

கத்பர்ட்,

இதை நீ சிரிக்காமல் படிக்க வேண்டும். மிஸ்டர் லவல், நீங்களும் ஒருவேளை இதைப் பார்ப்பீர்களானால், நீங்களும்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு நான் டேங்குக்குள் அடைபட்டேன். தொப்பியை மாட்டிவிட்டுத்தான் இறங்கினேன். ஆற்றுக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டுவிட்டது. மேஸ்திரி போல்டன் வந்து பார்த்திருக்கிறார், தொப்பி இல்லை, மூடியைப் போட்டு முறுக்கிவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் குற்றமில்லை, அதுதான் வழக்கம்.

முதலில் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் விளக்கு மங்கியது. பெயிண்ட் வாடையில் நெஞ்சு அடைத்தது. பிரஷ் கட்டையால் தட்டினேன். கப்பல் முழுக்க ஆணி அடிக்கும் சத்தம், அதில் என் தட்டல் யாருக்குக் கேட்கும்? கத்தினேன். என் குரல் எனக்கே திரும்பி வந்தது. அந்த நேரத்தில் உன்னை நினைத்தேன் என்று எழுதினால் நீ மகிழ்வாய். உண்மையைச் சொல்கிறேன், யாரையும் நினைக்கவில்லை. மூடியை மட்டும் நினைத்தேன். அந்த நட்டு, அதன் மரை, அதைத் திருப்ப ஒரு கை.

டீ மணி அடித்தும் நான் வராததால் என் சிநேகிதி மேட்ஜ் தேடியிருக்கிறாள். "வின்னி வேலைக்கு வேணா மட்டம் போடுவா, டீக்கு வராம இருக்கமாட்டா" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு மூடியாகத் தட்டி வந்தாள். என்னை இழுத்து வெளியே போட்டபோது போல்டன் அழுதார். நான் அழவில்லை, டீ குடித்தேன்.

ஆகவே கேட்கிறேன். அந்தக் கல்யாணக் கேக் மூடிக்குப் பூசினாயே, நட்டுகளுக்கு முதலில் கிரீஸ் போட்டுத் துணி சுற்றினாயா? இல்லை, மேலேயே மூன்று பூச்சு இழுத்துவிட்டாயா? எங்கள் யார்டில் முதல் நாளே சொல்லித்தருவது இதுதான். மரையில் பெயிண்ட் காய்ந்தால் அது நட்டு இல்லை, கல். அவசரத்தில் நாலு பேர் தொங்கினாலும் அசையாது.

போய்க் கையால் திருப்பிப் பார். எலிப் பொந்துக்காரி சொல்கிறாள் என்று விட்டுவிடாதே. என்னைத் திட்டிக்கொண்டாவது போய்ப் பார்.

வின்னி


கப்பல் கெய்ர்ன்மோர்
30 ஜனவரி 1943

வின்னி,

நீ அடைபட்டதை நான் இன்னும் ஒருமுறைகூடத் திரும்பப் படிக்கவில்லை. முடியவில்லை.

பார்த்தேன். திரும்பவில்லை. நாலு நட்டும் திரும்பவில்லை. பெரிய ஸ்பேனரை மாட்டி என் எடையை எல்லாம் போட்டேன், ஸ்பேனர் வழுக்கிக் கன்னத்தைக் கிழித்ததுதான் மிச்சம்.

டல்லக்கிடம் சொன்னேன். "அட்மிரல் போன மறுநாள் சுரண்டிக்கலாம்டா. இப்ப உளியை வெச்சின்னா மூணு பூச்சும் பாளம் பாளமா வந்துடும். அதை யாரு பூசுறது, உங்க மாமனாரா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை, வின்னி. அவரும் எங்களோடு அதே மூடிக்குக் கீழேதான் நிற்கிறார். ஆனால் அவர் கண்ணுக்கு அந்தக் கையுறை மட்டும்தான் தெரிகிறது. அட்மிரலோ, மூடுபனி என்று வருகையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன்மேல் எனக்குக் கோபம். நீ எழுதும்வரை அது ஒரு மூடி. இப்போது நான் கீழே நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது என் தலைக்குமேல் இருக்கிறது. குனிந்து பர்னரைப் பார்க்கிறேன், கழுத்து தானாக நிமிர்கிறது. பக்கத்தில் நிற்கிறவன், "என்னடா, மேல பொண்ணு படம் ஒட்டியிருக்கா?" என்று கேட்கிறான். நான் பயந்தாங்கொள்ளி இல்லை என்று உனக்குத் தெரியும். தெரியும்தானே? சாவுக்குப் பயமில்லை. மேலே வழி இருந்தும் அது திறக்காமல் சாவதற்குத்தான் பயம். அதுவும் நானே பூசிய பூச்சால்.

இதற்குமேல் போய் யாரிடம் சொல்வது? டல்லக்கைத் தாண்டிப் போனால் காட்டிக்கொடுத்தவன் என்று பேர். கப்பலில் அந்தப் பேரோடு ஒரு வாரம் இருக்க முடியாது. ஆனால் ஒரு வழி

(இங்கே தாளில் எட்டு வரி அளவுக்குக் கத்தியால் சதுரமாக வெட்டி எடுத்திருக்கிறது.)

அப்பாவிடம் இதைச் சொல்லாதே. கன்னத்தில் பட்டது சின்னக் காயம்தான்.

கத்பர்ட்


ஹெப்பர்ன்
24 பிப்ரவரி 1943

என் கத்பர்ட்,

உன் கடிதம் ஜன்னல் வைத்து வந்திருக்கிறது. அதைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே உன் அப்பா தெரிகிறார். அந்த ஜன்னலில் என்ன எழுதினாய்? 'ஒரு வழி' என்று நிறுத்திவிட்டு என்னை இங்கே விட்டுவிட்டாயே. கப்பலைவிட்டு ஓடப்போகிறாயா? உன் விரலை நீயே நசுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறாயா? மேட்ஜின் தம்பி அப்படிச் செய்தான். அந்த வெட்டுக்குள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றை நானே எழுதிப் பார்க்கிறேன், ஒன்றைவிட ஒன்று மோசமாக இருக்கிறது.

மிஸ்டர் லவலை நான் சபித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், வாய்விட்டுச் சபித்தேன். என் புருஷன் பயந்து எழுதியதைக்கூட என்னிடம் விடாமல் வெட்டிக்கொள்ள அந்த மனிதருக்கு என்ன மனசு?

ரேடியோவில் வடக்கே ஒரு கப்பல் கூட்டத்தைப் பற்றி ஏதோ சொன்னார்கள், பேர் சொல்லவில்லை. உன் அப்பா எழுந்துபோய் ரேடியோவை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நாலு மாதத்தில் முதல் தடவையாக நேராக என்னிடம் பேசினார். "அவன் எழுதினானா?" என்றார். ஜன்னல் கடிதத்தைக் கொடுத்தேன். நீ சொல்லாதே என்றது தெரியும், என்னால் தனியாகத் தாங்க முடியவில்லை. படித்துவிட்டுத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நானும் சுரங்கத்துல ஒரு தரம் மண்ணுக்குள்ள கிடந்தேன், அவன் அப்ப பொறக்கல" என்று மட்டும் சொன்னார்.

கேள். நான் யார்டு வேலையை விட்டுவிடுகிறேன். உனக்கு அதுதானே வேண்டும்? நாளைக்கே விடுகிறேன், பாவாடை கட்டிக்கொண்டு வீட்டில் உட்காருகிறேன். நீ போய் டல்லக்கின் காலில் விழுந்தாவது அந்த மூடியைத் திறக்க வை. காட்டிக்கொடுத்தவன் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு நீ உயிரோடு வேண்டும்.

வின்னி


அதே துறைமுகம்
21 மார்ச் 1943

வின்னி, என் கண்ணே,

இது கைவழியாக வருகிறது. கால் எலும்பு முறிந்து ஊர் திரும்பும் ஒருவன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருகிறான். இதை வேறு யாரும் படிக்கவில்லை. நமக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்து கேட்காமல் எழுதுவது எனக்கு வெறிச்சென்று இருக்கிறது.

முதலில்: நான் உயிரோடு இருக்கிறேன். கை கால் சரியாக இருக்கிறது.

ஜன்னலில் என்ன இருந்தது என்று கேட்டாய். 'சார், இந்தப் பத்தி என் மனைவிக்கு இல்லை, உங்களுக்கு' என்று ஆரம்பித்து மூடியைப் பற்றி முழுதும் எழுதியிருந்தேன். கடிதத்தில் எழுதினால் நான் யாரையும் தாண்டிப் போகவில்லை, பெண்டாட்டியிடம் புலம்பினேன், அவ்வளவுதான். கப்பலில் இந்த வழி எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். மிஸ்டர் லவல் அதை வெட்டியது உன்னிடமிருந்து மறைக்க இல்லை. கையில் எடுத்துக்கொண்டு கீழே வருவதற்கு.

மறுநாள் காலை சுத்தியலும் உளியுமாக ஏணியில் இறங்கினார். இங்கே எங்களைக் குடும்பப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "ரட்டர், உன் பொண்டாட்டி சொன்ன நட்டு எதுய்யா?" என்றார். டல்லக் முகம் செத்துவிட்டது. "சார், பெயிண்டு..." என்று இழுத்தார். "அட்மிரல் கேட்டா லவல் கெடுத்துட்டான்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார். அந்த வெக்கையில் கண்ணாடி பனித்துப் பனித்துத் தடவித் தடவி அடித்தார். விரல் முட்டியெல்லாம் தோல் போய்விட்டது. நாலாவது நட்டு திரும்பியபோது கீழே நின்ற ஆறு பேரும் கைதட்டினோம். எங்களோடு உட்கார்ந்து கோக்கோ குடித்தார்.

கிளம்பும்போது, "நாளைக்கு எங்க பக்கம். பின்னாடி சுக்கான் அறை மூடியும் இதே லட்சணத்துலதான் இருக்கும்" என்றார். சண்டை நேரத்தில் அவர் நிற்கவேண்டிய இடம் அதுதான். "நான் இப்பவே போய்ச் சுரண்டிடறேன் சார்" என்றேன். "ராத்திரியெல்லாம் நின்னிருக்க, போய்த் தூங்குய்யா. அது எங்கயும் ஓடிடாது" என்றார். நான் போய்த் தூங்கினேன்.

சாயந்திரமே நங்கூரம் எடுத்துவிட்டோம். வெளியே புயல். எட்டு நாள் ஒருவனும் பிடித்த பிடியை விட்டு நகரவில்லை. நாளைக்கு என்று ஒன்று வரவே இல்லை. ஒன்பதாம் நாள் விமானங்கள் வந்தன. ஒரு குண்டு எங்கள் பக்கவாட்டில், ஒன்று பின்கோடியில். எங்கள் ஏணிப் பக்கம் முழுக்கக் கொதிநீராவி. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. நான் நட்டைத் தொட்டேன், வின்னி. வெண்ணெயாகத் திரும்பியது. டல்லக்கைச் சேர்த்து ஏழு பேரும் ஏறினோம். டல்லக் கடைசியாக நின்று எங்கள் பிட்டத்தில் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். "பெயிண்டுல கை படாம ஏறுங்கடா!" என்று கத்தினார். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் ஏறினேன்.

பின்பக்கம் ஓடினோம். சுக்கான் அறைக்குள் அவர் தனியாக இருந்தார். கூட இருந்த இரண்டு பேரைப் பம்பு எடுத்துவர அனுப்பிய நேரத்தில் குண்டு விழுந்து கதவு நெளிந்துவிட்டது. இருந்த ஒரே வழி மேல்மூடி. அதே வெள்ளை. அதுவும் என் பூச்சுதான்.

அவர் என்னிடம் விட்டுப்போன உளி இடுப்பில் இருந்தது, அதனாலேயே அடித்தேன். டல்லக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டு நட்டு வந்துவிட்டது. மூன்றாவதின் தலை உடைந்தது. அவர் கீழேயிருந்து தட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியதும் தகட்டுக்கு மிக அருகில் அவர் குரல் கேட்டது. "ரட்டரா?" என்றார். "ஆமா சார், இதோ வந்துடும் சார்" என்றேன். "தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சுய்யா, கொஞ்சம் ஜில்லுன்னுதான் இருக்கு" என்றார். அப்புறம், "இதை வீட்டுக்கு எழுதாத. எழுதினா நான் வெட்டிடுவேன்" என்றார். "சரி சார்" என்றேன். கொஞ்ச நேரம் தட்டல் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. நாங்கள் அடிப்பதை நிறுத்தவில்லை. டல்லக்தான் கடைசியில் என் கையைப் பிடித்தார்.

எங்களை இழுத்துவந்து இதே துறைமுகத்தில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். எப்போது நகர்வோம் என்று யாருக்கும் தெரியாது. பகலில் கொஞ்சம் வெயில் வருகிறது. நான் வெட்டவெளியில் மேல்தளத்தில்தான் படுக்கிறேன், ஆனாலும் மூச்சு முட்டுகிறது. கண்ணை மூடினால் அந்த வெள்ளை மூடி.

நீ வேலையை விடாதே. விடுகிறேன் என்று எழுதிய கடிதம் மூன்று நாள் முன்பு வந்தது. விடாதே, வின்னி. நான் சொல்வதற்கு எனக்கு அருகதை இல்லை, அதனால் கெஞ்சுகிறேன்.

அவரிடம் எழுதமாட்டேன் என்று சொன்னேன். எழுதிவிட்டேன். வெட்ட ஆளில்லை.

உன் கத்பர்ட்


ஹெப்பர்ன்
18 ஏப்ரல் 1943

அன்புள்ள கத்பர்ட்,

இதை எழுத ஐந்து தாள் கிழித்தேன். அவரை நான் சபித்தேன் என்று உனக்கு எழுதிய நாளில் அவர் ஏற்கெனவே போய்விட்டிருந்தார். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் பூச்சு என்று நீ மறுபடி எழுதாதே. பூசச் சொன்னார்கள், பூசினாய். சுரண்டப் போகிறேன் என்றும் சொன்னாய். நான் உன் பக்கத்தில் இருந்தால் உன் தலையைப் பிடித்து இதைக் காதில் சொல்லுவேன். அந்த மலைகள் உன்னை எப்போது விடும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்து சேர். வீட்டில் கதவைச் சாத்தாமலே படுப்போம், குளிர் வந்தால் வரட்டும்.

வேலையை விடவில்லை. உன் அப்பா என் தொப்பிக்கு நாடா தைத்துத் தந்திருக்கிறார், துவாரத்து விளிம்பில் முடிந்துவைக்க. தையல் அவ்வளவு கோணல். தினம் காலையில் அந்த முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னை அனுப்புகிறார். புறாவிடம் இப்போது வானிலை மட்டும்தான் பேசுகிறார்.

திங்கட்கிழமை எங்கள் யார்டிலிருந்து ஒரு கப்பல் கிளம்புகிறது. வெளிப்பூச்சு எல்லாம் முடிந்துவிட்டது. நேற்று நானும் மேட்ஜும் உளியும் கிரீஸுமாகப் பின்கோடிக்குப் போய் அங்கிருக்கும் மூடி ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தோம். இரண்டு திரும்பவில்லை. சுரண்டினோம். புதுப் பூச்சு தரையெல்லாம் உதிர்ந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி போல்டன் வந்துவிட்டார்.

"பின்பக்கத்தைத் தொடச் சொல்லி உனக்கு யாரு சொன்னது?" என்று கத்தினார்.

"ஒரு ஆபீசர் சொன்னாரு" என்றேன்.

எந்த ஆபீசர் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு உளியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் மண்டியிட்டார்.

வின்னி